ரெட்டைக் கொம்பும் பதினாறு புள்ளியும்

பயிற்சி வகுப்பில் உங்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ரேடியோ அலையில் செய்தியை ஏற்றும் விதங்கள் எத்தனை, எந்த விதத்துக்குத் திரையில் எத்தனை புள்ளி விழும், எந்தப் பொத்தானை அழுத்தினால் இயந்திரமே கண்டுபிடித்துச் சொல்லும் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. அதை நான் திருப்பிச் சொல்ல மாட்டேன். போடிக் கடைத்தெருவில் ஒரு முற்பகல் நான் செய்த முட்டாள்தனத்தைத்தான் சொல்லப் போகிறேன். வெறும் முட்டாள்தனம் என்றால் மறைத்திருப்பேன். இது கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஊர் பார்க்கக் கதவில் ஒட்டிய முட்டாள்தனம்!

சொல்லும்போதே எனக்கு உடம்பு பரபரக்கிறது. ஓய்வு பெற்றவள் இப்படிக் குதிக்கலாமா என்று கேட்காதீர்கள். நான் வடுகபட்டிக்காரி, பூண்டுச் சந்தையில் கத்திப் பேசிப் பழகிய குடும்பம்.

அது ஐப்பசி மழைக்காலம். கொட்டகுடி ஆற்றின் மேல்பகுதியில் நீர்மட்டத்தை அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது. தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை ரேடியோ வழியாகக் கீழே சொல்லிக்கொண்டே இருக்கும். அன்று காலை முதல் அது சொல்வது கீழே கேட்கவில்லை. அதற்கென்று ஒதுக்கிய அலைவரிசையில் வேறு யாரோ ஏறி உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். மலையில் மேகம் கறுத்து இறங்கிவிட்டது. சாயங்காலத்துக்குள் பெருமழை என்று எச்சரிக்கை வேறு வந்தாயிற்று. ரேடியோ அலைவரிசைகளைக் காவல் காக்கும் அரசு அலுவலகத்தில், கத்துகிறவர் யார் என்று கண்டுபிடித்து வாயை அடைப்பது என் வேலை.

தேனியிலிருந்து எங்கள் சோதனை வண்டி கிளம்பியது. வண்டிக் கூரையில் நான்கு ஆன்டெனாக்கள், உள்ளே நான்கு காதாலும் ஒரே நேரத்தில் கேட்கும் இயந்திரம். ஓட்டுநர் பாண்டி, தேவதானப்பட்டிக்காரர். எங்கள் இருவருக்கும் வாய் கொஞ்சம் அதிகம்.

"எங்கன விடட்டும்மா?"

"மேட்டு ரோட்டுல ஏறுங்க பாண்டி. ஊரு முழுக்கத் தெரியுமே, அந்த வளைவுக்கு."

"அங்கன நின்னா எறும்பு ஊர்றதுகூடத் தெரியும்மா" என்றார் பாண்டி.

அந்த வளைவில் நின்றால் போடி முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும். நடுவில் மரமும் இல்லை, சுவரும் இல்லை. அலை கணீரென்று வந்து விழுந்தது. நான்கு ஆன்டெனாவிலும் ஒரே பலம், ஒரே தெளிவு. திரையில் புள்ளிகள் விழ ஆரம்பித்தன: நான்கு வரிசை, வரிசைக்கு நான்கு, ஆக மொத்தம் பதினாறு. வாசலில் கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி வந்து உட்கார்ந்தன. 'பேசுவது ஒருவர், பதினாறு புள்ளி வகை' என்றது இயந்திரம். திசை காட்டியை ஓட்டினேன். கடைத்தெருவில் எஸ்தர் என்பவருடைய கோபுரத்தின் மேல் போய் நின்றது. ஏலத்தோட்டங்களுக்கு ரேடியோ வழியே இணையம் கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர். அவருடைய ரேடியோக்களும் பக்கத்து அலைவரிசையில் ஓடும் பதினாறு புள்ளி வகைதான் என்று எங்கள் பதிவேட்டில் இருந்தது. வகை பொருந்தியது, திசை பொருந்தியது. வேலை முடிந்தது என்று துள்ளினேன்.

ஒன்று மட்டும் கண்ணில் உறுத்தியது. அந்தப் புள்ளிச் சதுரம் நேராக நிற்கவில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பாண்டிகூடக் கேட்டார், "என்னம்மா, கோணலா இருக்கு?"

"கேபிள் லூஸா இருக்கும்" என்றேன்.

நம் தொழிலில் இதைவிட ஆபத்தான வாக்கியம் கிடையாது. கண்ணுக்குப் பிடிக்காத எதையும் கேபிள் தலையில் கட்டிவிடலாம். அது எதிர்த்துப் பேசாது.

மேலதிகாரிக்குப் போன் போட்டுச் சொன்னேன். உடனே நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் ஒட்டுங்கள் என்றார். கீழே இறங்கி, படிவத்தை நிரப்பி, கையெழுத்துப் போட்டு, எஸ்தருடைய கடைக் கதவில் ஒட்டினேன். முன்பக்கம் மின்சாமான் கடை, பின்னறையில் இணைய வேலை. ஒட்டி முடிப்பதற்குள் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் சத்தமாகப் படிக்கவே ஆரம்பித்துவிட்டார்: "இக்கடையிலிருந்து வெளியாகும் அலையால் ஆற்று வெள்ள எச்சரிக்கைக்கு இடையூறு..."

உள்ளேயிருந்து எஸ்தர் வந்தார். நாற்பது வயதிருக்கும். காதில் பேச்சுக் கருவி மாட்டியிருந்தது. அழுவார், கெஞ்சுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதீக மேடம். உள்ள டாக்டரு பேசிக்கிட்டு இருக்காக."

பின்னறையில் ஒரு திரை. மலைமேல் தோட்டத்து மருத்துவ அறையில் ஒரு அம்மா படுத்திருந்தார். ஏலக்காய் பறிக்கப் போன இடத்தில் நெஞ்சுவலி. அங்கே ஒரு நர்ஸ் மட்டும்தான். செல்போன் எடுக்காத இடம். தேனியில் உட்கார்ந்திருந்த டாக்டர், எஸ்தருடைய இணைப்பு வழியாக அந்த அம்மாவின் இதயத் துடிப்புக் கோட்டைப் பார்த்துப் பார்த்து, எந்த மருந்தை எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இத நிறுத்துனா அந்த அம்மாவ யாரு பாப்பாக? நர்ஸம்மா ஒத்தையில என்ன செய்வாக? ஜீப்பு மேல போயிருக்கு. ஏத்தி விடுற வரைக்கும் டாக்டரு கண்ண எடுக்கக் கூடாதாம்" என்றார் எஸ்தர்.

ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? "எஸ்தர், ஆத்துல தண்ணி ஏறுறது கீழ தெரியாமப் போனா எத்தன குடும்பம் போகும் தெரியுமா?"

"தெரியும் மேடம். எங்க வீடே ஆத்தங்கரைத் தெருவுலதான் இருக்கு."

ரெண்டே நிமிஷம் அவருடைய ரேடியோவை அணைத்துப் பார்த்தால் குற்றம் யாருடையது என்று தெரிந்துவிடும். அந்த ரெண்டு நிமிஷம்தான் எங்களிடம் இல்லை. அந்த அம்மாவின் துடிப்பை வைத்து யார் அந்த விளையாட்டு விளையாடுவது?

"என்ன பாத்தீகன்னு எனக்குக் காட்டுங்க" என்றார். நான்கு ஆன்டெனாவின் புள்ளிப் படங்களையும் அச்செடுத்த தாளைக் காட்டினேன். கையில் வாங்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"பதினாறு, சரி. ஆனா இது சாஞ்சிருக்கே? என் ரேடியோ காட்டுறது நேரா நிக்கும்."

"கேபிள் லூஸு."

எஸ்தர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நாலு கொம்பு வச்சிருக்கீக. நாலு படமும் ஒண்ணு போலச் சாஞ்சிருக்கு. நாலு கேபிளும் ஒண்ணு சொன்னாப்புல லூஸாகுமா மேடம்?"

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆன்டெனாவை அவர் கொம்பு என்றுதான் சொல்வார். பாண்டி எனக்குப் பின்னால் இருமினார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

"எங்கன நின்னு பாத்தீக?"

"மேட்டு ரோட்டு வளைவுல."

"அட! அங்கன நின்னா ரெட்டை ஒத்தையாத்தான் தெரியும்" என்றார் எஸ்தர். "ஒரு ஏவாரி ரெட்டைக் கொம்பு ரேடியோன்னு கொண்டாந்து குடுத்தாக. ஒரே நேரத்துல ரெண்டு பேச்சுப் பேசும், வேகம் ரெண்டு மடங்குன்னாக. அந்த வளைவுல மாட்டுனேன். ஒரு மடங்குதான் வந்துச்சு. இங்கன கடைத்தெருக் கூரைல வச்சா ரெண்டு மடங்கும் வருது! சொவரும் தகரமும் இருந்தாத்தான் அது ரெண்டையும் பிரிச்சு எடுக்கும்போல. எனக்கு மலைக்குல்ல வேணும்? திருப்பிக் குடுத்துட்டேன். எங்கிட்ட இருக்கது பூரா ஒத்தக் கொம்பு."

ஐயோ! இதை நான் வகுப்பில் பாடமாகவே எடுத்திருக்கிறேன்! கரும்பலகையில் வரைந்து, கேள்வி கேட்டு, மதிப்பெண் போட்டிருக்கிறேன். ஒரே அலைவரிசையில் இரண்டு ஆன்டெனா இரண்டு தனிச் செய்திகளை அனுப்பினால், ஒவ்வொன்றும் வேறு வேறு சுவரில் மோதி, வேறு வேறு வழியில் வந்து சேர வேண்டும். அப்போதுதான் கேட்கிற பக்கம் இரண்டையும் பிரிக்க முடியும். தடையே இல்லாத வெட்டவெளியில் இரண்டும் ஒரே வழியில், ஒன்றாகக் கலந்து வரும். நான்கு காதும் ஒரே கலவையைத்தான் கேட்கும். ஆகவே இயந்திரம் 'பேசுவது ஒருவர்' என்று சொல்லும். அதுவும் நான்கு புள்ளி வகையில் பேசுகிறவர்கள் இருவர் என்றால் கலவையில் எத்தனை புள்ளி விழும்? அவருடைய ஒவ்வொரு புள்ளிக்கும் இவருடைய நான்கு, ஆகப் பதினாறு! கலவை என்பதால் கோணலாக விழும்!

கவனியுங்கள், எனக்கு இது தெரியாமல் இல்லை. தெளிவாகக் கேட்டால் சரியாகக் கேட்டதாக அர்த்தம் என்று காலமெல்லாம் பழகிவிட்ட புத்தி, அந்த வளைவில் என்னைச் சிந்திக்க விடவில்லை.

மேலதிகாரியை அழைத்தேன். "சார், எனக்குக் கொஞ்ச நேரம் வேணும்."

"நீங்கதானேம்மா அந்தக் கடைன்னு சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன். இப்ப நானே சந்தேகப்படறேன்."

"மலையில தூற ஆரம்பிச்சாச்சு. பன்னிரண்டு வரைக்கும் பாருங்க. அதுக்கு மேல அந்தக் கடைக்குக் கரண்டைத் துண்டிக்கச் சொல்லிடுவேன்" என்றார். மணி பதினொன்று தாண்டியிருந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள், ஏனென்றால் உங்களுக்கும் இது வரும். அந்த நேரத்தில் எஸ்தர் குற்றமற்றவராக இருக்க வேண்டும் என்று என் மனசு அடித்துக்கொண்டது. திரையில் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தபின் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். காலையில் அவசரத்தில் ஒருவரைக் குற்றவாளியாக்கிவிட்டு, இப்போது இரக்கத்தில் அவரையே விடுவித்தால் இரண்டும் ஒரே தப்புதான். ஆகவே அவரிடமே சொன்னேன். "எஸ்தர், கீழ நின்னு பாக்கப் போறேன். அங்கயும் ஒத்தையாத்தான் இருந்துச்சுன்னா நானே வந்து நிறுத்துவேன்."

"நிறுத்துங்க. ஒரு வார்த்த பேச மாட்டேன். ஆனா கீழ நின்னு பாத்துட்டு வந்து நிறுத்துங்க" என்றார்.

வண்டியில் ஏறினோம். எவ்வளவு அசிங்கமான இடம் கிடைக்குமோ அவ்வளவு நல்லது. ஏலக்காய் மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கித் தெருவுக்குப் போகச் சொன்னேன். இரண்டு பக்கமும் உயரச் சுவர், தகரக் கூரை, இரும்புக் கதவு.

"இந்தச் சந்துக்குள்ள போனா வண்டி திரும்பாதும்மா!"

"திரும்ப வேண்டாம், போங்க பாண்டி!"

உள்ளே அலை பலமிழந்து வந்தது. காலையில் இதைப் பார்த்திருந்தால் 'இங்கே வேலைக்காகாது' என்று திரும்பியிருப்பேன். திரையில் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று, ஆளுக்கு ஒன்றாக உயர்ந்து காட்டும் கட்டங்கள் நான்கு உண்டு. மேட்டு வளைவில் முதல் கட்டம் மட்டும் வானத்தைத் தொட்டது, மற்ற மூன்றும் தரையோடு தரை. இங்கே முதல் கட்டம் எழும்பியது. இரண்டாவது கட்டம் லேசாக, மிக லேசாகத் துடித்தது.

"பாண்டி, ஒரு அடி முன்னால. இன்னும் கொஞ்சம். நில்லுங்க! பின்னால போங்க, ஒரு சாண்!"

எதிரே ஏலக்காய் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று நின்றது. அதன் தகரப் பக்கவாட்டில் மோதித் திரும்பும் அலையில்தான் இரண்டாவது கட்டம் எழும்புகிறது என்று புரிந்த அந்த நொடியில் லாரிக்காரர் இன்ஜினைக் கிளப்பினார். நான் கதவைத் திறந்துகொண்டு தெருவில் குதித்தேன்.

"அண்ணே! லாரிய நகட்டாதீக! அப்படியே நிக்கட்டும்!"

"ஏத்தி முடிச்சாச்சும்மா, போகணும்ல?"

"அஞ்சு நிமிஷம்! ஒங்க லாரி இப்ப சர்க்கார் வேல பாக்குது!"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லாரிக்கு முன்னால் கையை விரித்து நிற்கிற பொம்பளையை என்ன செய்வது? இன்ஜினை அணைத்துவிட்டார். நான் உள்ளே தாவினேன். இரண்டாவது கட்டம் நிமிர்ந்து நின்றது! மூன்றாவதும் நான்காவதும் தரையில்தான் கிடந்தன. அப்படியானால் பேசுவது இரண்டே பேர். 'இரண்டாகப் பிரி' என்று இயந்திரத்துக்குச் சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கோணல் பதினாறு கலைந்தது, கலங்கியது. பிறகு திரையில் இரண்டு சதுரங்கள் வந்து உட்கார்ந்தன. ஒவ்வொன்றிலும் நான்கே புள்ளி. கோணலும் இல்லை, ஒன்றும் இல்லை!

நான் கத்திய கத்தலில் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் ஓடிவந்தார்கள். பாண்டி அவர்களைச் சமாதானப்படுத்தினார்: "ஒண்ணுமில்லப்பா, எங்கம்மாவுக்கு ரெண்டு கோலம் கெடைச்சிருச்சு."

எஸ்தரிடம் இருப்பது பூரா ஒத்தைக் கொம்பு. ஒத்தைக் கொம்பு ரெட்டைப் பேச்சுப் பேசாது. இனி இந்த ரெட்டைக் கொம்பு எங்கே என்று தேட வேண்டியதுதான் பாக்கி. அதற்கு இயந்திரமே தேவைப்படவில்லை. பாண்டி அண்ணாந்து பார்த்துவிட்டு, "அம்மா, அங்கன பாருங்க!" என்றார். அடுத்த கிட்டங்கிக் கூரையில், புத்தம் புதுசாக, பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல், இரண்டு கொம்பு வைத்த வெள்ளைப் பெட்டி ஒன்று மலையைப் பார்த்தபடி இருந்தது. எஸ்தருடைய கோபுரத்துக்கு நேர் பின்னால்! மேட்டு வளைவிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கோட்டில்தான் தெரியும்.

கிட்டங்கி முதலாளி நல்ல மனிதர், பதறிப்போனார். "கேமராம்மா! மேல ஏலக்கா காய வைக்கிற எடத்த இங்கன இருந்தே பாக்கலாம்னு நேத்து மாட்டி, இன்னைக்குக் காலையிலதான் ஓட விட்டோம். ஆன்லைன்ல வந்துச்சு."

"ஓட விடுறப்ப எந்த நாட்டுல மாட்டுறீகன்னு அந்தப் பெட்டி கேட்டிருக்குமே, என்ன போட்டீக?"

"முதல்ல என்ன இருந்துச்சோ அதையே விட்டுட்டோம்மா."

அது ஏதோ ஒரு தூரதேசம். அங்கே அந்த அலைவரிசை சும்மா கிடக்கிறது போலிருக்கிறது, இங்கே ஆறு பேசுகிற அலைவரிசை. அவரே ஓடிப்போய் வயரைப் பிடுங்கினார். நான் நீர்மட்டம் பார்க்கும் அலுவலகத்தை அழைத்தேன். மறுமுனையில் இருந்தவர் நான் கேட்பதற்கு முன்பே கத்தினார்: "வருதும்மா! வந்துருச்சு! தண்ணி ஏறிக்கிட்டு இருக்கும்மா!"

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. கடைக்கு ஓடினேன். திரையில் அந்த அம்மாவை நாற்காலியோடு தூக்கி ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டாக்டரின் குரல், "மெதுவா, மெதுவா" என்றது. எஸ்தர் காதிலிருந்த கருவியைக் கழற்றிவிட்டு, அன்று முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். சாயங்காலம் மழை கொட்டித் தீர்த்தது. ஆற்றங்கரைத் தெருக்காரர்கள் அதற்கு முன்பே மேட்டுக்கு வந்துவிட்டார்கள்.

மேலதிகாரி மகிழ்ச்சியாகத்தான் இருந்தார். "காலை அறிக்கைக்குக் கருவிக் கோளாறுன்னு எழுதிடுங்கம்மா, முடிஞ்சது" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எனக்குத்தான் பொசுக்கென்று கோபம் வந்தது. கருவி என்ன பாவம் செய்தது? நான் நிறுத்திய இடத்தில் அதற்கு என்ன கேட்டதோ அதைச் சொன்னது. கோளாறு என்று எழுதினால் அதைப் பழுதுபார்க்க அனுப்புவார்கள். அடுத்து வருகிறவர் பழுதுபார்த்த கருவியோடு அதே வளைவில் போய் நிற்பார். ஆகவே இப்படி எழுதினேன்: 'எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று உறுதி செய்யாமல், எந்த வகையில் பேசுகிறார்கள் என்று முடிவு செய்தது பிழை. பிழை என்னுடையது.' அந்தத் தாள் இன்னும் கோப்பில் இருக்கும்.

கடைக் கதவில் நோட்டீஸ் அப்படியே இருந்தது. பசை காயாத ஓரத்தில் நகத்தை விட்டேன். எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கிழிக்காதீக அக்கா."

மேடம் போய் எப்போது அக்கா வந்தது என்று நான் கவனிக்கவில்லை. "ஏன் எஸ்தர்? தப்பு நோட்டீஸ்தானே?"

"ஒட்டுறப்ப பஜாரே நின்னு பாத்துச்சு. கிழிக்கிறத யாரு பாப்பாக? நாளைக்கு, 'எஸ்தர் யாரையோ புடிச்சுக் கிழிக்க வச்சுட்டா'ம்பாக. தோட்டத்துக்காரவுக வேற ஆளத் தேடிப் போயிருவாக. நீங்க எழுதி ஒட்டுனீக. அதுலயே எழுதுங்க."

கடையிலிருந்து தடித்த பேனா ஒன்றை எடுத்து நீட்டினார். மறுபடியும் கூட்டம் சேர்ந்தது. காலையில் சத்தமாகப் படித்த அதே மனிதர் முன்னால் வந்து நின்றார். அரசாங்க முத்திரைக்குக் கீழே, என் கையெழுத்துக்குப் பக்கத்தில், கதவோடு சேர்த்துக் கோணல்மாணலாக எழுதினேன்: 'மேலே உள்ளது தவறு. இந்தக் கடையால் எந்த இடையூறும் இல்லை. சரியாகப் பார்க்காமல் ஒட்டியவள் நான்.' காது சிவந்து எரிந்தது. அந்த மனிதர் அதையும் சத்தமாகவே படித்தார், ஒரு வார்த்தை விடாமல்.

எஸ்தர் பார்த்துவிட்டு, "பேர முழுசா எழுதுங்க அக்கா" என்றார். எழுதினேன்.

பல மாதம் கழித்து வேறு வேலையாகப் போடிக்குப் போனபோது அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அது கதவிலேயே இருந்தது. லேமினேட் செய்து, நான்கு மூலையிலும் திருகாணி போட்டு முடுக்கியிருந்தார். "மழைல அழிஞ்சிறக் கூடாதுல்ல அக்கா" என்று சொல்லிவிட்டு எனக்குக் காபி வாங்கப் போனார். அவர் வருகிறவரை, கடைக்கு வந்த இரண்டு பேர் என் எதிரிலேயே நின்று என் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள்.